லேயர் பேப்பர் பூ கிட் வாங்கப் போறீங்களா, பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

வீட்ல கட்டிங் மிஷின் (கம்ப்யூட்டர்ல இருக்கற டிசைனை பிளேடால பேப்பர்ல வெட்டற மிஷின்) வச்சு பேப்பர் பூ பண்றவங்க, அதுலயும் வளைகாப்பு, பர்த்டே பேக்டிராப்னு ஆர்டர் எடுத்துப் பண்றவங்க தயவு செஞ்சு முழுசாப் படிங்க. இன்ஸ்டால ஒரு பக்கம் "லேயர் டாலியா கிட்"னு வித்துட்டு இருக்காங்க. மெரூன் கலர்ல பெரிய பூ, நடுவுல கோல்டு, பின்னாடி வெள்ளைச் சுவர், அந்த போட்டோவப் பாத்தா யாரா இருந்தாலும் வாங்கத்தான் தோணும். 100 எஸ்விஜி ஃபைல் (மிஷின் எந்தக் கோட்டுல வெட்டணும்னு சொல்ற டிசைன் ஃபைல்), கூட 220 ஜிஎஸ்எம் சாலிட் கோர் கார்ட்ஸ்டாக்னு கெட்டிப் பேப்பர் 50 ஷீட், எல்லாம் சேர்த்து 2,450 ரூபா. ஜிபே பண்ணேன். ஃபைலும் ஏமாத்து, பேப்பரும் ஏமாத்து.

முதல்ல ஃபைல். டிரைவ் லிங்க் வந்ததும் அந்த மெரூன் டாலியாவைத்தான் திறந்தேன். லேயர் பூன்னா கீழ பெரிய இதழ் வட்டம், அதுக்கு மேல கொஞ்சம் சின்னது, அதுக்கும் மேல இன்னும் சின்னதுன்னு ஆறேழு வட்டம் தனித்தனித் துண்டா ஃபைல்ல இருக்கணும், மேல் வட்டத்தோட இதழ் கீழ் வட்டத்தோட ரெண்டு இதழுக்கு நடுவுல வந்து உக்காரணும், அப்பதான் பூ நிமிந்து நிக்கும். இதுல மொத்தப் பூவும் ஒரே துண்டு. யாரோ வரஞ்ச படத்தை எடுத்து, சாஃப்ட்வேரே படத்தைக் கோடா மாத்தற ஆட்டோ டிரேஸ் போட்டு அப்படியே எஸ்விஜின்னு சேவ் பண்ணி விட்டிருக்காங்க.

சரி, நம்மளே பிரிச்சுக்குவோம்னு இங்க்ஸ்கேப்ங்கற டிசைன் சாஃப்ட்வேர்ல உக்காந்து ஒரு வட்டத்தை மட்டும் தனியா எடுத்து வெட்டக் குடுத்தேன். பிளேடு ஒரே இதழை ரெண்டு தடவ சுத்துது. ஏன்னா கோடா வரஞ்ச படத்தை டிரேஸ் பண்ணா கோட்டுக்கு வெளிப்பக்கம் ஒரு பாதை, உள்பக்கம் ஒரு பாதைன்னு ரெண்டு விழும், மிஷினுக்கு அது பாட்டுக்கு ரெண்டையும் வெட்டத்தான் தெரியும். பேப்பரை ஒட்டி வெட்டற மேட்ல இருந்து எடுக்கும்போது இதழைச் சுத்தி நூல் மாதிரி மெல்லிசா ஒரு பட்டை உரிஞ்சு வந்துச்சு, அதோட சேர்ந்து இதழ் முனையும் பிஞ்சுருச்சு. இதழ் நடுவுல மடிக்கறதுக்கு ஒரு கோடு விடுவாங்கல்ல, அதுவும் வெளிக்கோட்டோட ஒட்டி ஒரே பாதையா கெடந்ததால தனியா ஸ்கோர்னு (வெட்டாம மடிப்புக்கோடு மட்டும் போடறது) மாத்த வழியே இல்ல, அதையும் சேர்த்து வெட்டி ஒவ்வொரு இதழும் ரெண்டாப் பிளந்து நின்னுச்சு. இன்னும் சில ஃபைல்ல பேருதான் எஸ்விஜி, உள்ள வெறும் பிஎன்ஜி படத்தை ஒட்டி வச்சிருக்காங்க, அதுல வெட்டறதுக்குக் கோடே கிடையாது.

"எல்லா மிஷின்லயும் ஓடும்"னு வேற போட்டிருந்தாங்க. என்கிட்ட இருக்கறது கிரிகட், அதனால ஃபைல் திறக்கவாவது செஞ்சுது. சில்லவுட் கேமியோ மிஷின் வச்சிருக்கவங்க கம்ப்யூட்டர்ல அதோட இலவச பேசிக் ஸ்டூடியோ சாஃப்ட்வேர் மட்டும் போட்டிருந்தா எஸ்விஜி திறக்கவே திறக்காது, டிசைனர் எடிஷன் வாங்கணும், இல்லன்னா டிஎக்ஸ்எஃப் ஃபைல் வேணும். இந்தக் கிட்ல டிஎக்ஸ்எஃப் ஒண்ணு கூட இல்ல.

இப்ப பேப்பர். இதுலதான் எனக்கு ரொம்ப வயிறு எரிஞ்சுது. கையில எடுத்த உடனே சந்தேகம் வந்துச்சு, ஏன்னா 220ன்னா ஒரு விறைப்பு இருக்கும், இது தொளதொளன்னு தொங்குது. உங்க வீட்ல சமையலுக்கு வச்சிருக்கற டிஜிட்டல் தராசு இருந்தா போதும், இதை நீங்களே கண்டுபிடிச்சிரலாம். ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம்ங்கறதுதான், ஏ4 ஷீட் 16 சேர்ந்தா கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர், அதனால 16 ஷீட்டை அடுக்கித் தராசுல வச்சா எத்தனை கிராம் காட்டுதோ அதுதான் ஜிஎஸ்எம். எனக்கு வந்த 16 ஷீட் 140 கிராம் கூட தாண்டல. சாலிட் கோர்னு சொன்னதும் பொய். சாலிட் கோர்னா மேலயும் உள்ளயும் ஒரே நிறம் இருக்கணும், மூலையை லேசா கிழிச்சுப் பாத்தேன், உள்ள பளிச்னு வெள்ளை. மூங்கில் குச்சியில சுத்தி இதழைச் சுருட்டினா சுருட்டின இடமெல்லாம் மெரூன் வெடிச்சு வெள்ளைக் கீறல், வெட்டின ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. இந்தப் பேப்பர்ல என்ன பண்ணாலும் போட்டோல இருந்த பூ வரவே வராது.

மெசேஜ் பண்ணேன். "சிஸ், உங்க பிளேடு மழுங்கியிருக்கும் செக் பண்ணுங்க"ன்னாங்க. அதே பிளேடு அதே மேட்ல நான் வரஞ்ச ரோஜா ஃபைலை வெட்டி வீடியோ எடுத்து அனுப்பினேன், ஒரு பிசிறு கூட இல்ல. அடுத்து "மேட்ல பசை போயிருக்கும் சிஸ்". தராசு போட்டோவை அனுப்பினேன். அதுக்கு "கொரியர்ல ஈரம் காஞ்சு வெயிட் குறையும்"னு ஒரு பதில் வந்துச்சு பாருங்க, 220 கிராம் பேப்பர் எவ்வளவு காஞ்சாலும் 140 ஆகுமா? கடைசியா "டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது"ன்னு சொல்லிட்டு பிளாக் பண்ணிட்டாங்க. பேப்பர் எப்படி டிஜிட்டல் பொருள் ஆச்சுன்னு கேக்கக்கூட முடியல. அப்புறம் அந்த மெரூன் பூ போட்டோவை கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாத்தா அது வெளிநாட்டுல வேற ஒருத்தர் பண்ணி விக்கற பூ, இவங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

இதுக்கு நடுவுல என்கிட்ட வளைகாப்பு ஆர்டர் இருந்துச்சு. அந்தப் பொண்ணோட அம்மா மெரூன் பட்டுக்கு மேட்சா வேணும்னு ஆசையா கேட்டிருந்தாங்க, அவங்கள ஏமாத்த எனக்கு மனசு வரல. சென்னை பாரிஸ் கார்னர் ஆண்டர்சன் தெருவுல போய் ஷீட்டைக் கையில தடவி, மூலையைக் கிழிச்சுப் பாத்து வாங்கினேன், அங்க கடைக்காரங்க அதுக்கு முகம் சுளிக்கறதே இல்ல. ஃபைலை நானே முதல்ல இருந்து வரஞ்சேன், ராத்திரி முழுக்க மிஷின் ஓட, அண்ணி இதழ் சுருட்ட, நான் குளூ கன்ல ஒட்டன்னு முடிச்சுக் குடுத்தோம். அந்த ஆர்டர்ல எனக்கு ஒரு பைசா மிஞ்சல.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சாம்பிள் ஃபைல் கேளுங்க. ஒழுங்கா பண்றவங்க கண்டிப்பா குடுப்பாங்க. இங்க்ஸ்கேப் இலவசம்தான், அதுல கோடு மட்டும் தெரியற அவுட்லைன் வியூ போட்டுப் பாருங்க, இதழோட ஓரம் ஒத்தைக் கோடா இருந்தா நல்லது, ரெட்டைக் கோடு தெரிஞ்சா டிரேஸ் பண்ணதுன்னு வச்சுக்கங்க. நோட் டூலை எடுத்துட்டு எல்லாத்தையும் செலக்ட் பண்ணா கீழ நோட் (கோட்டுல இருக்கற புள்ளி) எண்ணிக்கை காட்டும், கையால வரஞ்ச இதழ் வட்டத்துக்குக் கொஞ்சம் நோட் போதும், ஆயிரக்கணக்குல காட்டினா அந்த ஃபைலே வேணாம். அவங்க மிஷின்ல அதே ஃபைல் வெட்டற வீடியோவும் கேளுங்க, முடிஞ்ச பூவோட போட்டோவ வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

பணம் போயிருச்சுன்னா சும்மா விடாதீங்க. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பண மோசடின்னா சைபர் கிரைம் எண் 1930, அதுக்கு எவ்வளவு சீக்கிரம் கூப்பிடறீங்களோ அவ்வளவு நல்லது. 2020ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகள்ல, விளம்பரத்துல சொன்ன மாதிரி பொருள் இல்லன்னா திருப்பி வாங்க மாட்டேன், பணம் தர மாட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு இருக்கு. நான் 1915ல புகார் குடுத்து நம்பர் வாங்கியிருக்கேன், பார்சல் மேல இருந்த முகவரி, ஜிபே ஸ்கிரீன்ஷாட், தராசு போட்டோ எல்லாம் குடுத்திருக்கேன், இன்னும் பதில் வரல. அந்தப் பக்கம் இப்ப பேரை மாத்திட்டு அதே மெரூன் பூ போட்டோவோட திரும்ப விக்க ஆரம்பிச்சிருக்காங்க. இதே கிட் வாங்கி ஏமாந்தவங்க இருந்தா பேப்பரைத் தூக்கிப் போட்றாதீங்க, 16 ஷீட்டை எடை போட்டு போட்டோ எடுத்து வச்சு உங்க பங்குக்கு நீங்களும் 1915ல ஒரு புகார் குடுங்க.