மதுக்கரையா, கொழிஞ்சாம்பாறையா?

பட்டறைகளில் ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றதிலிருந்து எங்கள் தெருவில் இதே பேச்சுதான்: கோவைப் பக்கத்து மதுக்கரையிலேயே இருப்பதா, கேரள எல்லை தாண்டி கொழிஞ்சாம்பாறைக்குப் போய்விடுவதா?

அங்கே கிணற்றோடு ஓட்டு வீடு, குறைந்த வாடகை. தமிழ்வழிப் பள்ளியும் உண்டு, கடைத்தெருவில் தமிழே போதும். ஆனால் வேலை கோவையில்தான் என்றால் வேலந்தாவளம் வழியாக தினமும் பஸ். மிச்சமாகும் வாடகையில் பாதி டிக்கெட்டுக்கே போய்விடும்.

மதுக்கரைப் பக்கம் கணக்கு வேறு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம், டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, தகுதி உள்ள பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் உரிமைத்தொகை. முகவரி மாறினால் இலவச மின்சாரத்தையும் உரிமைத்தொகையையும் இழக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா கரன்ட் பில்லின் பின்பக்கத்திலேயே கூட்டிப் பார்த்துவிட்டு, “அங்க போய் என்னத்த மிச்சம் பிடிக்கறது?” என்றார்.

ஓட்டு? இங்கே கிணத்துக்கடவு தொகுதி, அங்கே சித்தூர். இரண்டிலும் பேர் வைத்திருக்கக் கூடாது. படிவம் 8 கொடுத்து மாற்ற வேண்டும். இலவசங்களைக் கேட்டு ஓட்டுப் போட்டவர், அது கிடைக்காத ஊரில் போய் எதைக் கேட்பார்?

சொந்த வீட்டுக்கடன் உள்ளவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை; அவர்களால் எளிதில் நகர முடியாது. 2008 மந்தத்தில் அமெரிக்கப் புறநகர்களில் வீட்டின் விலை கடனுக்கும் கீழே விழ, பலரால் விற்றுவிட்டு நகரவே முடியவில்லை. நான் வாடகைக்காரன். இப்போதைக்கு மதுக்கரைதான்.