அரிப்பை நிறுத்திய டியூபும் பூஞ்சையைக் கொன்ற டியூபும்

பேண்ட் பட்டி அழுத்தும் இடத்தில் காசு அளவுக்கு ஒரு வட்டம். ஓரம் மட்டும் சிவந்து தடித்திருந்தது, நடுவில் தோல் தெளிந்திருந்தது. படர்தாமரைதான். மருந்துக்கடையில் கேட்டதும் ஒரு டியூபை நீட்டினார்கள். இரண்டே நாளில் அரிப்பு போய்விட்டது. அப்பாடா என்று நிறுத்தினேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் வட்டம் உள்ளங்கை அளவுக்குப் பரவியிருந்தது.

தோல் டாக்டர் அந்த டியூபைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைக் காட்டினார். பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருந்தது. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், கூடவே அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பையும் அடக்கிவிடும். திருடன் உள்ளே இருக்கும்போது நாயின் வாயைக் கட்டிய கதை.

அவர் எழுதித் தந்தது 1 சதவீத டெர்பினாஃபைன் கிரீம், வேறெதுவும் கலக்காதது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் முதல் நான்கு நாள்: அரிப்பு அப்படியே இருந்தது, சொறிந்து புண்ணான இடத்தில் எரிச்சல் வேறு. ஆனால் அது பார்க்கும் வேலையே வேறு.

பூஞ்சை, பாக்டீரியாவைவிட நமக்கு நெருங்கிய சொந்தம். செல் அமைப்பில் அவ்வளவு ஒற்றுமை. அதனால்தான் ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்வதில்லை. அதைக் கொன்று நம்மை விட்டுவைக்கும் மருந்து கிடைப்பதும் கஷ்டம். கைகொடுப்பது ஒரு வித்தியாசம்: செல்லின் மேலுறையில் நமக்கு இருப்பது கொலஸ்ட்ரால், பூஞ்சைக்கு எர்கோஸ்டெரால். அதைத் தயாரிக்கும் வரிசையில் ஆரம்பத்திலேயே ஒரு நொதியை டெர்பினாஃபைன் முடக்குகிறது. உறைக்கு எர்கோஸ்டெரால் கிடைக்காது. பாதி வழியில் நின்றுபோன ஸ்குவாலீன் என்ற மூலப்பொருள் உள்ளே தேங்கி, பூஞ்சைக்கே விஷமாகிவிடும். குளோட்ரிமசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தும் இதே வரிசையில்தான் கைவைக்கிறது, ஆனால் பிந்திய படியில். அது பெரும்பாலும் வளரவிடாமல் தடுக்கும், டெர்பினாஃபைன் படர்தாமரைப் பூஞ்சையைக் கொன்றே விடும்.

குளித்து, ஈரமே இல்லாமல் துடைத்துவிட்டு, வட்டத்துக்கு வெளியேயும் இரண்டு செ.மீ. சேர்த்துத் தடவச் சொன்னார். பூஞ்சை ஓரத்தில்தான் முன்னேறிக்கொண்டிருக்குமாம். ஏழாம் நாள் அந்தத் தடித்த ஓரம் தட்டையானது, விரலால் தடவினால் தெரியவில்லை. அப்புறமும் அவர் சொன்ன நாள் கணக்குவரை விடாமல் போட்டேன். பழுப்புத் தழும்பு இன்னும் இருக்கிறது. அது பூஞ்சை இல்லை, மெல்ல மறையும்.

நகத்தில் வந்திருந்தால் இந்தக் கிரீமை நம்ப வேண்டாம், உள்ளே இறங்காது. கால் நகத்துக்கு இதே மருந்தை மாத்திரையாக 12 வாரம் வரை கொடுப்பார்கள். இன்னொன்று, சில பூஞ்சைகள் அந்த நொதியையே மாற்றிக்கொண்டுவிட்டன, அவற்றிடம் டெர்பினாஃபைன் பலிக்காது. இரண்டு வாரத்தில் ஓரம் அடங்கவில்லை என்றால் அடுத்த டியூப் வாங்காமல் டாக்டரிடம் போங்கள்.

பழைய டியூபில் பாதி மீதி இருந்தது. தம்பிக்குத் தொடையில் அரிக்கிறதாம், “அந்த ரெண்டு நாள் மருந்து எங்கண்ணா?” என்று கேட்டான். குப்பையில் போட்டாயிற்று.