கம்பியா, அரமா: சேதமின்றிப் பூட்டைத் திறக்கும் இரு வழிகள்

கதவைச் சிதைக்காமல் திறக்கப் பூட்டுத் தொழிலாளர்கள் கையாளும் முறைகளுள் கம்பி விட்டுத் திறப்பதும், வெட்டப்படாத சாவியை அராவிப் பொருத்துவதும் முக்கியமானவை. அமெரிக்கப் பூட்டுத் தயாரிப்பாளர் இளைய லைனஸ் யேல் 1861இல் காப்புரிமை பெற்ற, ‘பின்’ (pin) எனப்படும் சிறு உலோகத் தண்டுகள் கொண்ட பூட்டு வகைக்கு இரண்டுமே பொருந்தும். ஸ்பிரிங் அழுத்தும் பின்கள் அனைத்தும் உரிய உயரத்துக்கு வந்தால்தான் அதன் சாவி நுழையும் உருளை சுழலும்.

கம்பி முறையில், ஒரு கம்பி உருளையைத் திருப்பும் திசையில் மெல்லிய அழுத்தம் தர, மற்றொன்று பின்களை ஒவ்வொன்றாக உயர்த்துகிறது. பின்கள் இருக்கும் துளைகள் ஒருபோதும் துல்லியமான நேர்கோட்டில் அமைவதில்லை என்ற உற்பத்திக் குறையால் பின்கள் ஒவ்வொன்றாகவே இறுகுவது இதற்குக் கைகொடுக்கிறது. எளிய பூட்டு சில நிமிடங்களில் திறந்துவிடும். ஆனால் வேறு வகையான பிராமா பூட்டைத் திறக்க, 1851இல் லண்டனில், ஆல்பிரெட் ஹாப்ஸ் போன்ற வல்லுநருக்கே ஏறத்தாழ 50 மணி நேரம் பிடித்தது.

அராவும் முறைக்குக் கண்ணும் பொறுமையும் வேண்டும். வெட்டப்படாத சாவியை நுழைத்து, இறுகத் திருப்பி, மேலும் கீழும் அசைத்தால், உரிய உயரத்துக்கு வராத பின்கள் அதன் விளிம்பில் நுண்ணிய தடங்களைப் பதிக்கும். அந்த இடங்களை மட்டும் அரத்தால் சற்றே தேய்த்து, பூட்டு திறக்கும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். முறுக்கு மிகுந்தால் சாவி உள்ளேயே முறியக்கூடும்.

சாவி வீட்டுக்குள் இருந்தால் கம்பியே போதும். எல்லாச் சாவிகளும் தொலைந்துவிட்டால், திறப்பதோடு புதிய சாவியையும் தந்துவிடும் அராவும் முறையே மேல் என்பேன். தொலைந்த சாவி பிறர் கையில் சிக்கியிருக்கக்கூடும் என்றால் பின்களையும் மாற்றிவிட வேண்டும்.