சிலிக்கான் குளியல் பிரஷ்: நாய்க்குச் சரி, பூனைக்கு வேண்டாம்

நடுவில் ஷாம்பூ ஊற்றிக்கொள்ள ஒரு சிறு அறையும், அதன்மேல் அமுக்குவதற்குப் பொத்தானும், அடியில் மெத்தென்ற சிலிக்கான் முட்களும் கொண்ட குளியல் பிரஷ் ஒன்றை நான்கு மாதங்களுக்கு முன் 280 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நாய், பூனை இரண்டுக்கும் ஏற்றது என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்தது. எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு.

வாளி நிரம்பும் ஓசை கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் நாட்டு நாய் எங்களுடையது. ஒரு கையில் கழுத்துப்பட்டை, மறு கையில் ஷாம்பூ குப்பி என்றால் தேய்ப்பதற்கு மூன்றாவது கை வேண்டும். பிடி விட்ட நொடியில் அது நுரையோடு கூடத்துக்கு ஓடிவிடும். இந்தப் பிரஷ்ஷில் ஊற்றுவதும் தேய்ப்பதும் ஒரே கையில் முடிவதால், மற்றொரு கை எப்போதும் நாயின் மேலேயே இருக்கிறது. முதல் நாளே முன்னங்கால் சப்பையில் வட்டமாகத் தேய்த்தபோது, கீழுதடு தளர்ந்து தொங்க, பின்னங்கால் ஒன்று தானாகக் காற்றில் சொறியத் தொடங்கியது. உண்ணி ஷாம்பூவைப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும் என்று குப்பியில் எழுதியிருப்பதை இப்போதுதான் முழுமையாகக் கடைப்பிடிக்க முடிகிறது. ஆயினும் இந்தப் புகழில் பாதி, குளியலறைத் தரையில் விரித்த ரப்பர் விரிப்புக்கே சேரும். வழுக்கும் டைல்ஸில் கால் ஊன்ற முடியாத நாய்க்கு எந்தப் பிரஷ்ஷும் இதமாக இராது. முகத்தை ஈரத்துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏனெனில் நாயின் காதுக்குழாய் கீழே இறங்கி உள்நோக்கி வளைவதால் புகுந்த நீர் எளிதில் வெளியேறாது.

குறைகளும் உண்டு. கெட்டியான ஷாம்பூ முட்களின் வழியே இறங்குவதில்லை. நீர் கலந்தால் அமுக்காமலேயே ஒழுகுகிறது. அறையைத் திறந்து காயவைக்க மறந்த ஒரு வாரத்தில் உள்ளே வழவழவென்று பாசி போல் படிந்துவிட்டது. மூன்றாம் மாதம் மூடியும் தளர்ந்தது.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது அந்த அட்டைப்பெட்டி வாசகம்தான். நாய்களுக்கான சில உண்ணி மருந்துகளிலும் ஷாம்பூக்களிலும் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. பூனையின் கல்லீரலால் அதை விரைவாகச் சிதைக்க முடியாததால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், உயிரே போகவும் கூடும். எவ்வளவு அலசினாலும் முட்களின் அடியில் எச்சம் தங்கும் ஒரு கருவியை, தன் உடலைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும் பிராணிக்கும் பொதுவாக்குவது சரியன்று. எங்கள் பூனைக்காகத் தனியாக இன்னொரு பிரஷ் வாங்கிப் பார்த்தேன். பொத்தானை அமுக்கியதும் எழுந்த 'புஸ்' என்ற ஓசைக்கே அது என் முழங்கையைக் கீறிவிட்டுப் பரண் ஏறிவிட்டது. உடல்நலமுள்ள குட்டை முடிப் பூனைக்குக் குளியல் பெரும்பாலும் தேவைப்படாது; அழுக்கான இடத்தை வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மூடி இறுக்கமாக உள்ள வேறொரு வகை கிடைத்தால் நாய்க்கு மீண்டும் வாங்குவேன். பூனை மட்டும் வளர்ப்பவர்கள் அந்த 280 ரூபாயில் நல்ல சீப்பு ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.