தொகுதிவாரியா, விகிதாசாரமா?

மக்களாட்சியில் இறைமை மக்களுக்கே உரியது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் வாக்கை எவ்வாறு ஆசனமாக்குவது என்பதில் உயர்தர மாணவர் முதல் எங்கள் சனசமூக நிலையத்து வாங்கில் பத்திரிகை வாசிப்போர் வரை தடுமாறுகின்றனர். ஒவ்வொரு தொகுதியிலும் அதிக வாக்குப் பெற்றவரை உறுப்பினராக்குவது தொகுதிவாரி முறை; கட்சிகள் பெற்ற வாக்கு வீதத்துக்கேற்ப ஆசனங்களைப் பகிர்வது விகிதாசார முறை. இலங்கையின் அனுபவத்தைக் கொண்டு இவ்விரண்டையும் நியாயம், உறுப்பினரின் அணுக்கம், எளிமை என மூன்று வகையில் ஒப்பிடலாம்.

நியாயம்: தொகுதிவாரி முறை சறுக்குவது இங்கேதான். 1977 இல் ஏறத்தாழ 51 சதவீத வாக்குப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140 ஐ அள்ளிக்கொள்ள, 30 சதவீதத்தை அண்மித்த ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 8 மட்டுமே கிடைத்தன. வடக்குக் கிழக்கில் வாக்குகள் செறிந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியோ, அதனிலும் மிகக் குறைந்த வாக்குகளுடன் 18 ஆசனங்களைப் பெற்று எதிர்க்கட்சியானது. 1989 இல் விகிதாசாரத் தேர்தல் வந்தபின் இவ்விடைவெளி சுருங்கியது.

அணுக்கம்: அன்று கோப்பாய்க்கும் நல்லூருக்கும் தனித்தனி உறுப்பினர் இருந்தனர். இன்றைய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் கிளிநொச்சியையும் அடக்குவதால், வெள்ளம் தேங்கும் ஒழுங்கைக்கு யார் பொறுப்பு என்பது தெளிவில்லை.

எளிமை: முன்னையதில் ஒரு புள்ளடி போதும். பின்னையதில் கட்சிக்கு ஒரு புள்ளடியும் அக்கட்சி வேட்பாளர்களுக்கு மூன்று வரையான விருப்பு வாக்குகளும் உண்டு. ஒரே கட்சியினர் தம்முள் மோதிக்கொள்வது அதன் விளைவே.

உறுதியான அரசும் பொறுப்புக்கூறும் ஒரு முகமும் வேண்டுவோருக்குத் தொகுதிவாரி முறையும், சிதறி வாழும் சிறுபான்மையினருக்கு விகிதாசாரமும் பொருந்தும். பாராளுமன்றத்துக்கு நான் பின்னையதையே விரும்புவேன். பிரதேச சபைக்கு, 2018 முதல் நடைமுறையிலுள்ள, ஆசனங்களில் 60 வீதத்தை வட்டாரங்களுக்கும் மிகுதியை விகிதாசாரத்துக்கும் ஒதுக்கும் கலப்பு முறை போதுமானது.