‘எலக்ட்ரானிக் ஸ்விட்சிங்’ என்று தலையில் கட்டியது: கேம்பர் வேன் கட்டக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

வேனை உள்ளேயே தங்கிப் பயணம் போகிற கேம்பராக மாற்றக் கொடுக்கும்போது, “ரிலே எல்லாம் அந்தக் காலம் சார், நாங்க ஃபுல்லா எலக்ட்ரானிக் ஸ்விட்சிங், டச் பேனலே குடுத்துடுறோம்” என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். (ரிலே என்றால், சின்ன கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச்.) என்னிடம் இப்படிச் சொன்னது கோவைப் பக்கம் ஒரு பட்டறை. சாதாரண வயரிங்கைவிட 35,000 ரூபாய் அதிகம் வாங்கினார்கள். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை.

டெலிவரி அன்று எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. குழாயைத் திறந்தால் பம்ப் ஓடியது, மூடினால் நின்றது. பேனலில் இன்வெர்ட்டரைத் தொட்டால் பச்சை விளக்கு எரிந்தது, மறுபடி தொட்டால் அணைந்தது. இன்வெர்ட்டர் பின்சீட்டுக்கு அடியில் பெட்டிக்குள் இருந்தது. அதைத் திறந்து காட்டவில்லை.

முதலில் ஃப்ரிட்ஜ் மக்கர் பண்ணியது. வால்பாறையில் ராத்திரி ‘லோ வோல்டேஜ்’ என்று நின்றுவிட்டது. பேட்டரி மீட்டரோ 12.3 வோல்ட் காட்டுகிறது. பட்டறைக்காரருக்குப் போன் போட்டால், “மலைல அப்படித்தான் சார் இருக்கும்” என்கிறார். மலைக்கும் வோல்டேஜுக்கும் என்ன சம்பந்தமோ! அடுத்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டில் நிறுத்தியிருந்த வண்டியில் 150 ஏஹெச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி செத்துக் கிடந்தது. “பேட்டரி வீக்கு” என்று அவர்களே புதுசு ஒன்றை விற்றார்கள். அதுவும் சீக்கிரமே படுத்துவிட்டது.

பொள்ளாச்சியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன்தான் பேனலைக் கழற்றினார். உள்ளே பிளைவுட் பலகையில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாலிட் ஸ்டேட் ரிலேக்கள் (அசையும் பாகமே இல்லாத எலக்ட்ரானிக் ரிலே), சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் இல்லாமல் நேராகப் பலகைமேலேயே ஸ்க்ரூ அடித்திருந்தது. ஒன்றைச் சுற்றிப் பலகை காப்பி நிறத்துக்குக் கருகியிருந்தது. லேபிளில் ‘40 டிஏ’, அதற்குக் கீழே ‘அவுட்புட் 24-380 விஏசி’ (ஏசி வோல்ட்). “இது ஏசிக்குப் போடுற சரக்கு தம்பி, இதைப் போய் 12 வோல்ட் டிசியில மாட்டியிருக்கானுங்க” என்றார். (ஏசி என்பது திசை மாறிக்கொண்டே இருக்கும் வீட்டு மின்சாரம், டிசி ஒரே திசையில் ஓடும் பேட்டரி மின்சாரம்.) பேனலில் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு மீட்டரை வைத்துக் காட்டினார். பச்சை விளக்கு இல்லை, ஆனால் இன்வெர்ட்டருக்கு கரண்ட் போய்க்கொண்டே இருந்தது.

விஷயம் இதுதான். ஏசிக்கான இந்த ரிலேக்குள் இருப்பது டிரையாக் அல்லது எஸ்சிஆர் என்ற எலக்ட்ரானிக் ஸ்விட்ச். அது ஒருமுறை ஆன் ஆகிவிட்டால், தன் வழியே போகும் கரண்ட் பூஜ்யத்துக்கு வரும்போதுதான் ஆஃப் ஆகும். வீட்டு ஏசி மின்சாரத்தில் கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், அதனால் பிரச்சினை இல்லை. பேட்டரி கரண்ட் பூஜ்யத்துக்கு வருவதே கிடையாது. டெலிவரி அன்று பம்ப் நின்றதற்குக் காரணம் பம்புக்குள்ளேயே இருக்கும் பிரஷர் ஸ்விட்ச், பேனல் இல்லை. சும்மா இருக்கும் இன்வெர்ட்டர் அரை ஆம்பியர் இழுத்தாலும் ஒரு நாளைக்கு 12 ஏஹெச் காலி. பேட்டரி சாகாமல் என்ன செய்யும்?

இன்னொன்று, இந்த வகை ஒரு வோல்ட்டுக்கும் மேலே தானே தின்றுவிடும். 240 வோல்ட்டில் அது கணக்கிலேயே வராது, 12 வோல்ட்டில் ஃப்ரிட்ஜையே நிறுத்திவிடும். 20 ஆம்பியர் போனால் அந்தச் சின்னப் பெட்டியில் 20 வாட்டுக்கு மேல் சூடு, ஏறக்குறைய ஒரு சால்டரிங் அயர்ன் மாதிரி. அதைப் பலகைமேல் வைத்தால் கருகாதா?

எலக்ட்ரானிக் ஸ்விட்சிங்கே மோசம் என்று சொல்ல வரவில்லை. டிசிக்கென்றே மாஸ்ஃபெட் என்ற வேறு வகை எலக்ட்ரானிக் ஸ்விட்ச் வைத்த ரிலே இருக்கிறது, பெரும்பாலும் ‘டிடி’ என்று போட்டிருக்கும். சரியான அளவில் வாங்கினால் வோல்டேஜ் இழப்பு மிகக் குறைவு, தேய்மானமும் இல்லை. சாதாரண ரிலேயின் காயில் (காந்தச் சுருள்) ஆனில் இருக்கும் நேரமெல்லாம் 0.15 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், காண்டாக்டும் நாளடைவில் கருகும். ஆனால் மாஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் ஆனிலேயே நின்றுவிடும். அதனால் எந்த முறையில் போட்டாலும், பேட்டரி பக்கத்தில் கையால் திருப்பி அணைக்கிற ஒரு மெயின் ஐசோலேட்டரும் ஃப்யூஸும் வேண்டும். என் வண்டியில் ஐசோலேட்டரே இல்லை. “டச் பேனல் இருக்கே சார்” என்றார்கள்.

டெலிவரி எடுக்கும்போது பலகையைத் திறக்கச் சொல்லி லேபிளைப் போட்டோ எடுங்கள். ஃப்ரிட்ஜ் ஓடும்போது பேட்டரியிலும் ஃப்ரிட்ஜ் முனையிலும் மீட்டர் வையுங்கள், அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வண்டியை எடுக்காதீர்கள். ஒவ்வொன்றையும் ஓடவிட்டு, பேனலில் அணைத்தபின் அந்தப் பொருளிடமே போய்ப் பாருங்கள். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் ரேட்டிங்கும் வரவேண்டும். என் பில்லில் ‘எலக்ட்ரிக்கல் வேலை, மொத்தமாக’ என்று ஒரே வரிதான். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அந்த வரியைக் காட்டித்தான், “நாங்க எந்த ரிலேன்னு எழுதித் தரலையே” என்றார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், கருகிய பலகையும் ரிலேயும் என்னிடம்தான் இருக்கின்றன.