ஓட்டோ கொரோலாவை மெனுவலாக்கினேன்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

என்னுடையது டொயோட்டா கொரோலா 121, ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த 1500 சிசி ஓட்டோ, அதாவது கியர் தானாக மாறும் கார். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை, கியர்பொக்ஸ்தான் வழுக்கத் தொடங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் கொழும்பில் பழைய கார்களே கைக்கெட்டாத விலைக்குப் போய்விட்டிருந்த காலம் அது. காரை மாற்றுவது நடக்கிற காரியமாக இருக்கவில்லை. பாவித்த ஓட்டோ கியர்பொக்ஸ் போடலாம்தான், ஆனால் அது எத்தனை நாள் தாங்கும் என்று விற்பவருக்கே தெரியாது. இதே 121 இங்கே கிளச் மிதித்துக் கையால் கியர் மாற்றும் மெனுவலாகவும் ஓடுவதால் என் காரையும் அப்படி மாற்ற இறங்கினேன். எனக்கு முழுத் திருப்தி.

இந்த வேலையில் சுலபமானது கியர்பொக்ஸ்தான். காசும் அலைச்சலும் மற்றச் சாமான்களில்: பிளைவீல், அதற்குரிய போல்ட்டுகள், டிரைவ் ஷாஃப்ட் இரண்டு, மவுண்டிங், கியர் கேபிள், பெடலின் அழுத்தத்தை ஒயில் வழியே கிளச்சுக்குக் கொண்டுபோகும் கிளச் மாஸ்டர், ஸ்லேவ் சிலிண்டர், பெடல் செட், எஞ்சின் கம்ப்யூட்டர். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் இவற்றைக் கடை கடையாகப் பொறுக்கினால் ஒன்றுக்கொன்று ஒத்து வராது. ஒரே காரில் கழற்றிய முழு செட்டாகக் கேளுங்கள். அதுவும் வலப்பக்க ஸ்டியரிங் காராக இருக்க வேண்டும். இடப்பக்கக் காரின் பெடல் செட்டும் கிளச் பைப்பும் நமக்கு உதவாது. கிளச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மட்டும் புதிதாகப் போட்டேன். எப்படியும் கியர்பொக்ஸ் கீழே இருக்கிறதே என்று கிராங்கின் பின்பக்க ஒயில் சீலையும் அப்போதே மாற்றியாயிற்று.

பெடல் மாற்றும்போது பக்கத்தில் நின்று பார்த்தேன். கராஜ் பாஸ், அதாவது மெக்கானிக், சீட்டைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைக் கொடுத்து மல்லாந்து படுத்தார். கறுப்பு விரிப்பை விலக்கியதும், கிளச் மாஸ்டர் வரவேண்டிய இடம் தகட்டில் வட்டமாகப் பதிந்திருந்தது. டோர்ச்சை அதில் அடித்துக் காட்டினார். "கம்பனி குறி இருக்கிற இடத்திலதான் ஓட்டை போடோணும் தம்பி. கண்ணளவில போட்டா பெடல் இழுபடும்." வெல்டிங் எதுவும் தேவைப்படவில்லை.

வயரிங்கை வேறொரு கராஜில் கொடுத்தேன், அங்கேதான் பிழை நடந்தது. ஓட்டோ கார் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அதற்கான வயர்களை அவர்கள் சும்மா முறுக்கி இணைத்துவிட்டார்கள். கியரில் நின்ற காரில் மனைவி திறப்பைத் திருப்ப, கார் துள்ளிப்போய் கேற்றில் முட்டியது. யாருக்கும் அடியில்லை. ஆனாலும் அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, சின்ன வேலைதானே அது. அப்புறம் இன்னொரு வயரிங் பாஸ் கிளச் பெடலில் சுவிட்ச் வைத்து, கிளச்சை மிதித்தால் மட்டும் ஸ்டார்ட் ஆகும்படி செய்தார். ரிவர்ஸ் லைட்டையும் கியர்பொக்ஸ் சுவிட்சுக்கு மாற்றினார். பழைய ஓட்டோ கம்ப்யூட்டர் இருந்தவரை டாஷ்போர்டில் எஞ்சின் செக் லைட் அணையவே இல்லை, மெனுவல் கம்ப்யூட்டர் போட்டதும் அணைந்தது. வேறு திறப்பால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் இம்மொபிலைசர் என் காரில் இல்லை. திறப்பில் சிப் உள்ள கார் என்றால் இந்த இடத்தில் கூடுதல் வேலை இருக்கும்.

ஓட்டத்துக்கு வருவோம். மாலை நேரத்தில் வெள்ளவத்தையில் காலி வீதி நெரிசலில் இடது கால் வலிக்கத்தான் செய்கிறது. தினமும் அந்த வழியில் போய் வருபவர் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். ஆனால் கடுகண்ணாவை ஏற்றத்தில் இது வேறு கார். முன்பு எஞ்சின் சத்தம்தான் கூடும், இழுவை கூடாது. இப்போது மூன்றாம் கியரில் நிதானமாக ஏறுகிறது. நுவரெலியாவிலிருந்து ரம்பொடைப் பக்கம் இறங்கும்போது இரண்டாம் கியர் பிடித்துக்கொள்வதால் பிரேக் சூடேறிய வாடை வருவதில்லை. பெற்றோலும் ஓரளவு மிச்சம். 2022இல் தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டைக் காட்டினால் பெற்றோலை அளந்து தந்த காலத்தில் அதன் அருமை தெரிந்தது. இதுவரை வந்த ஒரே பழுது ஸ்லேவ் சிலிண்டர் கசிவு. ரப்பர் கிட் மாற்றியதோடு சரியாகிவிட்டது.

விற்கும் யோசனை இருப்பவர் இதைச் செய்யாதீர்கள். கொழும்பில் வாங்க வருபவர்கள் ஓட்டோவா என்றுதான் முதலில் கேட்கிறார்கள், மாற்றிய கார் என்றதும் விலையைக் குறைக்கிறார்கள். நான் விற்கப் போவதில்லை.